வெள்ளித் தண்ணீரும் வாடாத பூவும்

மாத்தளை என்றதும் வெளியூராருக்கு நினைவு வருவது மிளகும் கொக்கோவும் கராம்பும்தான். பூவை யாரும் நினைப்பதில்லை. ஆயினும் பூவை நம்பி அடுப்பெரிக்கும் குடும்பங்கள் இம்மாவட்டத்தில் பல உண்டு. தெற்கே உக்குவளை, ரத்தோட்டை, எல்கடுவைப் பக்கங்களில் வீட்டுக் கோடியில் நிழல்வலை கட்டி அந்தூரியம் வளர்க்கும் பெண்களை நாம் அறிவோம். மாத்தளை நகரில் முத்துமாரியம்மன் கோவிலை அண்டி மாலை கட்டி வாழ்வோர் இருக்கிறார்கள். மாசி மகத் தேர்த் திருவிழா அவர்களுக்கு அறுவடைக் காலம். வடக்கே தம்புள்ளைக் குகை விகாரையின் அடிவாரத்தில் தாமரையும் நீலோற்பலமும் விற்போர், விடியுமுன் குளத்தில் இறங்கிப் பறித்ததைப் பொழுது சாயுமுன் விற்றுத் தீர்க்க வேண்டும்.

இவர்கள் எல்லோரும் பார்ப்பது ஒரே கணக்குத்தான். இன்று வெட்டிய பூவுக்கு ஒரு விலை. நாளை அதே பூவுக்குப் பாதி விலை. மறுநாள் அது குப்பைமேட்டுக்கு. வாங்க வரும் வியாபாரிக்கும் இக்கணக்கு நன்றாகத் தெரியும். எனவே அவர் பிந்தித்தான் வருவார்.

இப்படியிருக்கையில், ‘இலைச்சாற்றில் செய்த வெள்ளித் துணிக்கை போட்டால் பூ வாடாதாம்’ என்ற செய்தி கிராமங்கள் வரை வந்துவிட்டது. கைத்தொலைபேசி வைத்திருக்கும் பிள்ளைகள் தாய்மாருக்குச் சொல்கிறார்கள், தாய்மார் எம்மிடம் வந்து கேட்கிறார்கள்: “ஃபாதர், வேப்பிலை நம்மளுட்ட இருக்குதானே, நாமளே காய்ச்சிக்கொள்ள ஏலாதா?” நல்ல கேள்வி. இதற்கு ஒரு வரியில் விடை சொன்னால், வெள்ளி வேலை செய்வது மெய். அதை நம் வீட்டு அடுப்பில் காய்ச்சக் கூடாது என்பதும் மெய். ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம்.

பூ ஏன் வாடுகிறது?

செடியில் நிற்கும் பூவுக்கு வேர் தண்ணீர் அனுப்புகிறது, இலை உணவு அனுப்புகிறது. வெட்டிய கணத்திலேயே இரண்டும் நின்றுவிடுகின்றன. மிஞ்சுவது தண்டு மட்டும். தண்டுக்குள் மயிரிழைபோன்ற நுண்குழாய்கள் ஆயிரக்கணக்கில் உள்ளன. அவற்றின் வழியே தண்ணீர் ஏறும் வரைக்கும் பூ நிமிர்ந்து நிற்கும்.

குழாய் அடைபட இரண்டு காரணங்கள் உண்டு. வெட்டியதும் தண்டின் வாயில் காற்று புகுந்துகொள்வது ஒன்று. வாளித் தண்ணீரில் பற்றீரியா பெருகி, அவற்றின் உடல்களும் வழுவழுப்பான கசிவும் வாயை அடைப்பது மற்றது. இரண்டு நாள் வைத்த பூவாளிக்குள் கையை விட்டுப் பார்த்தவர்களுக்கு அந்த வழுவழுப்பு என்னவென்று சொல்லத் தேவையில்லை. வாளி நிறையத் தண்ணீர் இருக்கும். பூ தாகத்தால் தலை தொங்கும். ஜெர்பராவுக்கும் ரோஜாவுக்கும் இது பெரும் வியாதி.

இவற்றைவிட வேறொரு எதிரியும் உண்டு. அது கண்ணுக்குத் தெரியாதது. எதிலீன் என்னும் வாயு. 1901 ஆம் ஆண்டில் ரஷ்யாவின் சென் பீற்றர்ஸ்பேர்க் நகரில் திமித்ரி நெல்யூபோவ் என்ற இளம் ஆராய்ச்சியாளர், ஆய்வுகூடத்தில் பட்டாணி நாற்றுகள் கோணல்மாணலாக வளர்வதைக் கண்டு காரணம் தேடினார். விளக்கெரிக்கப் பயன்படுத்திய வாயுவில் கலந்திருந்த எதிலீனே அதைச் செய்தது என்று கண்டறிந்தார். பின்னர்தான், பழுக்கும் பழமும் முதிரும் பூவும் தாமாகவே இவ்வாயுவை வெளிவிடுகின்றன என்பது தெரியவந்தது. நம் வீடுகளில் வாழைக்குலையைப் பழுக்க வைக்கப் பானைக்குள் புகைபோட்டு மூடுவதும் இதே சங்கதிதான். வாழைப்பழத்துக்கு நல்லது பூவுக்குக் கேடு. பழுத்த மாம்பழமும் வாழைக்குலையும் ஏற்றிய லொறியின் ஒரு மூலையில் ஓர்க்கிட் பூவையும் ஏற்றி அனுப்பினால், போய்ச் சேருமுன்னரே பூவின் வயது பாதி கழிந்துவிடும். தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையம் வழியாக மரக்கறி லொறிகளில் பூ அனுப்புவோர் இதைக் கவனிப்பது நல்லது. அந்தூரியம் இவ்விடயத்தில் கொஞ்சம் கெட்டிக்காரப் பூ. எதிலீனுக்கு அவ்வளவு எளிதில் பணிவதில்லை. கார்னேசனும் டென்ட்ரோபியம் ஓர்க்கிட்டும் அப்படியல்ல.

தாமரையின் கதை வேறு. பறித்த தாமரை மொட்டு விரியாமல் நின்றுவிடுவதையும், இதழ் ஓரம் கறுப்பதையும் தம்புள்ளையில் யாரும் காணலாம். இதில் எதிலீனுக்குப் பெரும் பங்கு உண்டு என்பதைத் தாய்லாந்து ஆய்வாளர்கள் 2010 இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. அங்கும் தாமரை புத்தருக்குரிய பூ. அதனால்தான் அவர்களுக்கு அதில் அத்தனை அக்கறை. நமது தேசிய மலரான நீலோற்பலத்துக்கும் அத்தகைய அக்கறை கிடைத்தால் நல்லது.

வெள்ளி பூவிடம் வந்த கதை

1976 இல் அமெரிக்காவில் எல்மோ பேயர் என்பவர், வெள்ளி அயன் எதிலீனின் வேலையைத் தடுத்துவிடுகிறது என்று நிறுவினார். பூவின் கலங்களில் எதிலீன் வந்து ஒட்டுவதற்கு ஓர் இடம் உண்டு. பூட்டும் சாவியும் போல. அப்பூட்டுக்குள் சிறிதளவு செம்பு இருக்கிறது. வெள்ளி அவ்விடத்தில் அமர்ந்துகொண்டால் சாவி நுழைந்தாலும் பூட்டுத் திறக்காது. வாடும்படி வந்த கட்டளையைப் பூ கேளாமலே இருந்துவிடும்.

ஆனால் வெள்ளி நைத்திரேற்றைத் தண்ணீரில் கரைத்துத் தண்டை வைத்தால், வெள்ளி தண்டின் அடியிலேயே தங்கிவிட்டது, பூவரைக்கும் ஏறவில்லை. 1978 இல் ஒல்லாந்தின் வேன், வான் டி கெய்ன் என்ற இருவர் வெள்ளியைத் தயோசல்பேற்றோடு சேர்த்துக் கொடுத்தபோது அது தண்டு வழியே விரைவாக மேலேறியது. கார்னேசன் வியாபாரம் அன்றோடு மாறியது எனலாம்.

அந்தூரியம் வளர்ப்போர் அறிய வேண்டியது ஹவாயில் நடந்தது. 1982 இல் போல், கூ என்னும் இருவர், வெட்டிய அந்தூரியத் தண்டை வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலில் சிறிது நேரம் மட்டும் வைத்தெடுத்துப் பின் வெறுந்தண்ணீரில் வைத்தால், பூ அதிக நாள் நிற்கிறது என்று காட்டினர். அவர்கள் எடுத்த கரைசல் கெட்டியானது. லீற்றருக்கு ஏறத்தாழ 680 மில்லிகிராம். அதில் வெள்ளி மட்டும் 430 மில்லிகிராம் அளவில் இருக்கும்.

இங்கேதான் நனோ துணிக்கை கதைக்குள் வருகிறது. 1 மில்லிமீற்றரைப் பத்து இலட்சம் பங்காக்கினால் ஒரு பங்கு 1 நனோமீற்றர். அத்தகைய அலகில் 1 முதல் 100 வரையான பருமனுள்ளவற்றை நனோ துணிக்கை என்கிறோம். கித்துள் கருப்பட்டியை முழுக்கட்டியாகத் தேநீரில் போட்டால் கரைய நேரமெடுக்கும். இடித்துப் போட்டால் உடனே கரையும். வெள்ளியையும் அவ்வாறு மிக மிக நுணுக்கிவிட்டால் அதன் மேற்பரப்பு பெருகும். கொஞ்ச வெள்ளியே நிறையப் பற்றீரியாவைத் தாக்கும். 2009 இல் சீன ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வில், ஜெர்பராத் தண்டுகளை லீற்றருக்கு 5 மில்லிகிராம் நனோ வெள்ளியுள்ள நீரில் 24 மணித்தியாலம் வைத்துப் பின் தூய நீருக்கு மாற்றினர். தண்டின் அடியில் பற்றீரியா குறைந்தது. பூ கூடுதலான நாள் நின்றது. 430 எங்கே, 5 எங்கே? பூவும் வேறு, வைத்த நேரமும் வேறு என்பதால் இரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிட முடியாதுதான். என்றாலும் விஞ்ஞானிகள் ஏன் இதன் பின்னால் போகிறார்கள் என்பது இதிலிருந்து விளங்கும்.

இன்னொரு கணக்கையும் பாருங்கள். லீற்றருக்கு 5 மில்லிகிராம் என்றால், 1 கிராம் வெள்ளியில் 200 லீற்றர் மருந்துநீர் செய்யலாம். ஆக, இதில் விலைபோவது வெள்ளியல்ல. துணிக்கையை எப்போதும் ஒரே அளவில் செய்து, கட்டிபடாமல் வைத்திருக்கும் வித்தைதான் விலைபோகிறது.

இலையின் பங்கு

வெள்ளி நைத்திரேற்றிலிருந்து நனோ துணிக்கை செய்ய வழமையாக வேறு இரசாயனங்கள் தேவை. இலைச்சாறும் அவ்வேலையைச் செய்யும். 2004 இல் புனே நகரிலுள்ள தேசிய இரசாயன ஆய்வுகூடத்தில் முரளி சாஸ்திரியின் குழுவினர், வேப்பிலைக் கொதிநீரைக் கொண்டு தங்கம், வெள்ளி ஆகியவற்றின் நனோ துணிக்கைகளைச் செய்து காட்டினர். நம் ஆச்சிமார் அம்மைக்கு அரைத்த அதே வேப்பிலை! இலையிலுள்ள துவர்ப்புப் பொருட்களும் புரதங்களும் சில வெல்லங்களும் வெள்ளி அயனை வெள்ளியாக்குகின்றன. பிறகு ஒவ்வொரு துணிக்கையையும் சுற்றி ஓர் உறைபோல் நின்று, ஒன்றோடொன்று ஒட்டாமல் காக்கின்றன. நடப்பதைக் கண்ணாலேயே காணலாம். வெளிறிய நீர் மஞ்சளாகிப் பின் கபில நிறமாகும். அதன்பின் எத்தனையோ செடிகளில் இதைச் செய்துவிட்டார்கள். 2016 இல் மெக்சிக்கோவில், அவ்வூரார் அவரைக்கறிக்கு இடும் எபாசோட் என்னும் இலையால் செய்த வெள்ளித் துணிக்கையைச் செவ்வந்திப் பூவுக்குப் போட்டுச் சோதித்தனர்.

வேம்பு என்றதும் ஒன்று நினைவு வருகிறது. வேப்பெண்ணெயால் பூஞ்சணத்தைக் கட்டுப்படுத்தும் முறைக்கு, ஓர் அமெரிக்கக் கம்பனியும் அமெரிக்க விவசாயத் திணைக்களமும் 1994 இல் ஐரோப்பிய காப்புரிமை பெற்றன. இந்திய மக்கள் அமைப்புகளும் ஐரோப்பியப் பசுமைக் கட்சியினரும் எதிர்த்து நின்றதால் அது 2000 இல் இரத்துச் செய்யப்பட்டது. மேன்முறையீடும் 2005 இல் தள்ளப்பட்டது. நம் கொல்லையில் நிற்கும் இலை நாளை போத்தலில் அடைபட்டு வந்து விலைக்கு நிற்கும்போது, இவ்வழக்கை மறந்துவிடக் கூடாது.

அடுப்பில் காய்ச்சினால் என்ன?

கபில நிறம் வந்துவிட்டது, மருந்து ஆயிற்று என்று எண்ணுவது தவறு. மாரியில் பறித்த இலையும் கோடையில் பறித்த இலையும் ஒரே சாறு தருவதில்லை. உக்குவளை வேம்பும் தம்புள்ளை வேம்பும்கூட ஒன்றல்ல. துணிக்கை ஒருமுறை 10 நனோமீற்றராகவும் மறுமுறை 80 ஆகவும் வரலாம். நிறத்தைப் பார்த்து அதைத் திட்டமாகச் சொல்ல முடியாது. வேலை முடியாமல் மிஞ்சிய வெள்ளி நைத்திரேற்று எவ்வளவு என்பதும் தெரியாது. அது தோலில் பட்டால் கறுக்கும். கண்ணில் பட்டால் புண்ணாக்கும். அளவு மிஞ்சிய வெள்ளி பூத்தண்டையே கருக்கிவிடும். அத்தோடு, இலைச்சாற்றிலுள்ள வெல்லம் பற்றீரியாவுக்கு நல்ல சாப்பாடு. வெள்ளி சரியாக அமையாத சாற்றை வாளியில் ஊற்றினால், கிருமியை ஒழிக்கப் போய்க் கிருமிக்கு விருந்து வைத்ததாகிவிடும்.

எமக்கு இதைவிடப் பெரிய கவலை, பாவித்து முடிந்த தண்ணீர் எங்கே போகிறது என்பதுதான். குடிநீரில் லீற்றருக்கு 0.1 மில்லிகிராம் வரை வெள்ளியைப் பொறுத்துக்கொள்ளலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்பு. பூவுக்கு வைக்கும் 5 மில்லிகிராம் நீர் அதைவிட 50 மடங்கு. மீனுக்கும் குளத்து நுண்ணுயிர்களுக்கும் வெள்ளி அதைவிடக் குறைந்த அளவிலேயே நஞ்சு. தோட்டக் குடியிருப்புகளில் வாளி கழுவும் இடமும் பீலித் தண்ணீர் பிடிக்கும் இடமும் எத்தனை அடி தூரத்தில் உள்ளன என்பதை அங்கு போய்வந்தோர் அறிவர். பணம் படைத்த ஒல்லாந்திலேயே, பார உலோகக் கழிவு என்பதால் வெள்ளித் தயோசல்பேற்றுக்கு மாற்றுத் தேடும் நிலை வந்தது. அமெரிக்காவில் வட கரோலினா அரச பல்கலைக்கழகத்தில் சிஸ்லர், பிளாங்கன்ஷிப் ஆகியோர் எதிலீனைத் தடுக்கும் ஒரு வாயுவைக் கண்டுபிடித்து 1996 இல் காப்புரிமை பெற்றதும் அத்தேடலின் பலன்தான். அது பூவுக்கென வந்து, இன்று அப்பிள் களஞ்சியங்களிலும் பாவிக்கப்படுகிறது.

‘மூலிகை’ என்ற சொல்லில் நம் மக்களுக்கு ஒரு மயக்கம் உண்டு. 2021 இல் இரசாயனப் பசளையை ஒரே நாளில் தடைசெய்து, சில மாதங்களில் அத்தடையை நீக்கிய கூத்தையும், இடையில் ‘இயற்கை’ என்று பெயரொட்டி வந்த போத்தல்களையும் நாம் பார்த்தோம். வேப்பிலையில் செய்தாலும் வெள்ளி வெள்ளிதான். இலை உறையானதால் அது மண்ணுக்குச் சிநேகிதமாகிவிடாது.

மூன்றாவது வாளி

ஆகவே இதைச் செய்ய வேண்டியவர்கள் ஆய்வுகூடக்காரர்கள். நம் நாட்டில் 2008 இல் தொடங்கிய இலங்கை நனோ தொழினுட்ப நிறுவகம் ஹோமாகமையில் இருக்கிறது. மலர்ச்செய்கைக்குப் பேராதனை அரச தாவரவியற் பூங்கா மாத்தளையிலிருந்து சில மணித்தியாலப் பயணத்துக்குள் இருக்கிறது. இவர்களிடம் மாத்தளை அந்தூரியச் செய்கையாளர் ஒரு குழுவாகப் போய், ‘எங்கள் பூவில், எங்கள் தண்ணீரில் செய்துகாட்டுங்கள்’ என்று கேட்கலாம். தனியாளாகப் போனால் துண்டுப்பிரசுரம் கிடைக்கும். இருபது பேராகப் போனால் உத்தியோகத்தர் ஊருக்கு வருவார். இது நாம் கண்ட அனுபவம்.

அப்படி யாராவது, அரச உத்தியோகத்தரோ போத்தல் விற்க வரும் முகவரோ, செய்துகாட்ட வந்தால் ஒன்றை மறவாமல் கேளுங்கள். வழக்கமாக இரண்டு வாளி வைப்பார்கள்: ஒன்றில் மருந்து, மற்றதில் வெறுந்தண்ணீர். மருந்து வாளி வெல்லும், அதில் அதிசயமில்லை. நீங்கள் மூன்றாவது வாளி ஒன்றை வைக்கச் சொல்லுங்கள். அதில் செலவில்லாத நல்ல பராமரிப்பு மட்டும் இருக்கட்டும்.

அந்தப் பராமரிப்பு இதுதான். முந்தின நாள் சவர்க்காரம் போட்டுக் கழுவி வெயிலில் காயவைத்த வாளி. கொதித்தாறிய தண்ணீர். 5 வீதம் குளோரின் உள்ள வீட்டு வெளுக்கும் திரவம் லீற்றருக்கு 1 மில்லிலீற்றர், அதற்குமேல் வேண்டாம். தேசிப்புளியையும் வெளுக்கும் திரவத்தையும் ஒருபோதும் ஒன்றாக ஊற்றக் கூடாது. நச்சு வாயு கிளம்பும். பூவை வெயில் ஏறுமுன் கூரிய கத்தியால் வெட்டவேண்டும். மழுங்கிய கத்தரிக்கோல் தண்டை நசுக்கிக் குழாயை மூடிவிடும். அந்தூரியமானால் நடுத்தண்டில் நிறமாற்றம் பாதிக்கு மேல் ஏறிய பிறகே வெட்டவேண்டும். பிஞ்சில் வெட்டிய பூவை எந்த மருந்தும் காப்பாற்றாது. வாளிக்குள் வைத்தபின் தண்டின் அடியில் ஓர் அங்குலத்தைத் தண்ணீருக்குள்ளேயே வெட்டிவிட்டால் புகுந்த காற்றும் போய்விடும். தண்ணீரை நாள்தோறும் மாற்றவேண்டும். அந்தூரியத்தைக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்க வேண்டாம். 13 பாகை செல்சியஸுக்குக் கீழே அது குளிரில் கறுத்துப்போகும்.

மாலை கட்டுவோருக்கும் தட்டில் பூ விற்போருக்கும் இவ்வெள்ளி விவகாரத்தால் பெரிய பயனில்லை. தண்டு தண்ணீர் குடிக்காத பூவுக்கு வாளி மருந்து எப்படி ஏறும்? அவர்களுக்கு ஈரச் சாக்கும் நிழலும், பழக்கூடைக்கு எட்டத்தில் ஓரிடமும்தான் மருந்து.

மூன்று வாளியிலும் ஒரே செடியின், ஒரே காலையில் வெட்டிய பூக்களைப் பத்துப் பத்தாக வைத்து, எத்தனை பூ நிற்கிறது என்று தினமும் காலையில் எண்ணி ஒரு மட்டையில் எழுதி வையுங்கள். எண்ணுபவர் மருந்து கொண்டுவந்தவராக இருக்கக் கூடாது. படிக்கும் பிள்ளை ஒன்றிடம் அவ்வேலையைக் கொடுங்கள். மருந்து வாளி மூன்றாவது வாளியைவிட எத்தனை நாள் கூட நின்றது, அந்த நாட்களுக்கு வியாபாரி எத்தனை ரூபா கூடத் தருவார் என்று பாருங்கள். மருந்தின் விலை அதற்குள் அடங்கினால் வாங்குவதைப் பற்றி யோசிக்கலாம். வாங்குவதானால், பாவித்த நீரை மூடிபோட்ட கேனில் சேர்த்து வைப்போம், போத்தல் தந்தவரே அதைத் திரும்ப எடுத்துச் செல்லவேண்டும் என்று முதலிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.